அடிகளாரும் அடுப்படிக் கணக்கும்

ஆசிரியனாக இருந்த காலத்தில், குடும்ப வரவு செலவு பற்றிய பாடமொன்றை ஒருநாள் நடத்தினேன். மட்டக்களப்பு வாவியில் வலைவீசிப் பிழைக்கும் ஒருவரின் மகள் எழுந்து, தன் வீட்டார் அரசினர்க்கு வரி செலுத்துவதுமில்லை, அவர்களிடமிருந்து எதுவும் பெறுவதுமில்லை என்றாள். வகுப்பு முழுவதும் அதை ஒப்புக்கொண்டது. எனக்கும் உடனே மறுமொழி சொல்லத் தோன்றவில்லை. அன்று மாலை கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவிலுள்ள விபுலாநந்த அடிகளாரின் சமாதியருகே நின்றிருந்தபோது, அவர் வாழ்ந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளே அம்மாணவிக்குரிய விடை என்பதை உணர்ந்தேன்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு பங்குனித் திங்களிற் காரைதீவில், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாகப் பிறந்தார். மயில்வாகனன் என்பது பிள்ளைப் பெயர். அதே ஆண்டிலேதான் இலங்கையில் நெல்வரியை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அதுவரை விளைச்சலில் ஒரு கூறோ அதற்கீடான பணமோ அரசினரைச் சேர்ந்தது. மழை பொய்த்தாலும் வரிக்குரிய தவணை பொய்ப்பதில்லை. மலைநாட்டில் வலப்பனைப் பகுதியில் வரி நிலுவைக்காக ஏழைகளின் வயல்கள் விலைப்பட்டன. வரி ஒழிந்தபின், வாவியின் மேற்கே படுவான்கரையில் உழுதவன் களவெட்டியிலிருந்து வீட்டுக்கு ஏற்றிய நெல் அந்த அளவுக்கு மிகுந்தது. ஆயினும் இறக்குமதி அரிசியின் தீர்வை நீங்கவில்லை. அரசினரின் தனியுரிமையாயிருந்த உப்பின் விலையிலும் வரி கலந்தேயிருந்தது. வயலிற் கேட்ட வரி மறைந்தது. கடையிற் கொடுத்த வரி கண்ணுக்குப் புலப்படாமல் நின்றது.

வரவைக் குறைக்கும் இன்னொரு செலவு கல்வி. அக்காலத்தில் உத்தியோகத்துக்கு வாயில் ஆங்கிலக் கல்வியே. ஆங்கிலப் பாடசாலைகளோ கட்டணம் வாங்கின. மயில்வாகனனார் கல்முனையிலும், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பதினாறாம் வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் வென்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பதவியும் கிடைத்தது. அவ்வூதியத்தோடு இனிது வாழ்ந்திருக்கலாம். அவரோ அதனைத் துறந்து 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார்.

மீண்டுவந்து இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைப் பேணினார். 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அரசினரின் உதவி நன்கொடை ஒருபுறமிருக்க, எஞ்சியதை அன்பர்களிடம் இரந்தே பெறவேண்டியிருந்தது. தம் வீட்டு வரவை விட்டவர், பிறர் வீட்டுச் செலவைச் சுமந்தார் என்று அதனை நான் விளங்கிக்கொள்கிறேன்.

ஆயின் ஒரு துறவியின் தோள் எத்தனை வீடுகளைச் சுமக்கும்? அவர் வாழ்நாளிலேயே நாடு அப்பொறுப்பை ஏற்கத் தொடங்கியது. 1931இல் எல்லார்க்கும் வாக்குரிமை வந்தது. 1932இல் வருமானவரி வந்தது. 1942இற் பங்கீட்டு அரிசி வந்தது. அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராயிருந்த காலத்தில், 1945ஆம் ஆண்டு ஐப்பசியில், கன்னங்கராவின் முயற்சியால் பல்கலைக்கழகம்வரை இலவசக் கல்வி வந்தது. வாவிக்கரைக் குடிசையின் கூலி ஒரு சதமும் ஏறவில்லை. எனினும் பிள்ளையின் படிப்புக்கென ஒதுக்கிய காசு கறிக்கும் துணிக்கும் மிஞ்சியது. அதுவும் வருமானமே அன்றோ? 1947ஆம் ஆண்டு யாழ்நூலை அரங்கேற்றிய சில வாரங்களில், ஆடித் திங்களில், அடிகளார் மறைந்தார்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவியிடம், அவள் வீட்டார் வாங்கும் பொருள்களின் விலையில் அடங்கிய வரியை ஒருபுறமும், கட்டணமில்லா வகுப்பறை, இலவசப் பாடநூல், அரசினர் வைத்தியசாலை ஆகியவற்றை மறுபுறமும் எழுதச் சொன்னேன். இரு நிரல்களும் நீண்டன. அவள் நெடுநேரம் அவற்றைப் பார்த்திருந்தாள்.

இன்றும் அக்கணக்கு முடிந்தபாடில்லை. 2023இல் அஸ்வெசும உதவி தொடங்கியது. 2024 தையிற் பெறுமதி சேர் வரி 18 விழுக்காடாயிற்று. ஒரு கை கொடுப்பதை மறு கை எவ்வளவு மீளப் பெறுகிறதென்று ஒவ்வோர் அடுப்படியும் அறிதல் வேண்டும். எண்ணும் எழுத்தும் ஏழைக்கு வேண்டுமென்று அடிகளார் பாடுபட்டது இதற்குமாகத்தான் என எண்ணுகிறேன்.