வைத்திய மேதை அர்-ராஸி

கடைப் பையனுக்குக் காய்ச்சல் கண்டால் நாம் செய்வது என்ன? மேசை இழுப்பறையில் கிடக்கும் மாத்திரையில் இரண்டைக் கொடுத்து, படுத்துக்கொள் என்கிறோம். அது என்ன காய்ச்சல் என்று கேட்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸக்கரிய்யா அர்-ராஸி.

அன்னார் ஹிஜ்ரி 251-ல் (கி.பி. 865) பாரசீகத்தின் ரை நகரில் பிறந்தார். இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலுள்ளது அவ்வூர். ரையிலும் பின்னர் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக விளங்கினார். நோயாளி வந்தால் வெளிவட்டத்தில் அமர்ந்திருக்கும் மாணவர் முதலில் பார்ப்பர். அவர்களுக்கு விளங்காவிடில் உள்வட்டத்தார். அவர்களுக்கும் விளங்காவிடில் ராஸியே பார்ப்பார். ஏழைகளிடம் அன்பு மிக்கவர். அவர்களுக்கு வைத்தியம் செய்ததோடு பொருளுதவியும் செய்தார்.

அக்காலத்தில் வைசூரியையும் மணல்வாரியையும் மக்கள் தெளிவாகப் பிரித்தறியவில்லை. இரண்டும் காய்ச்சலில் தொடங்கி மேனியெங்கும் தடிப்பாக வெளிப்படுபவை. முதுகுவலி மிகுந்தால் வைசூரி என்றும், குமட்டலும் மனக்கலக்கமும் மிகுந்தால் மணல்வாரி என்றும் ராஸி அடையாளம் எழுதி வைத்தார். அந்த வைசூரி உலகை விட்டே ஒழிந்ததாக 1980-ல் அறிவிக்கப்பட்டது.

வழக்கத்தில் உள்ளது என்பதற்காக எதையும் அவர் ஏற்கவில்லை. மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் எடுத்தார்; மற்றவர்களுக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு, இரு சாராரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். உணவால் தீரும் நோய்க்கு மருந்து வேண்டாம், ஒரு சரக்கால் தீர்வதற்குப் பல சரக்குக் கூட்டு வேண்டாம் என்பதும் அவர் கொள்கை.

வைத்தியர் கிடைக்காத எளியோருக்கென்றே தனி நூல் ஒன்றும் இயற்றினார். அடுக்களையிலும் கடைத்தெருவிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு சாதாரண நோய்களுக்குச் செய்யும் சிகிச்சை அதில் உண்டு. அவருடைய குறிப்புகளை மாணவர்கள் தொகுத்த அல்-ஹாவீ என்னும் பெருநூல் 1279-ல் லத்தீனில் பெயர்க்கப்பட்டது. அறிஞர் அல்-பீரூனி தொகுத்த பட்டியலில் ராஸியின் நூல்கள் 184.

எத்தனையோ பேரைக் குணமாக்கிய அப்பெரியார் இறுதிக் காலத்தில் பார்வை இழந்தார். ஹிஜ்ரி 313-ல் (கி.பி. 925) பிறந்த ஊரிலேயே காலமானார்.

சரக்கைப் பாராமல் விலை பேசும் வியாபாரி நம்மில் இல்லை. நோயைப் பாராமல் மருந்து கொடுப்பது மட்டும் தகுமா? வேலையாளுக்குக் காய்ச்சல் தணியாவிடில், ஒரு நாள் கூலியைப் பாராமல் டாக்டரிடம் அனுப்புவோம். நம்மை நம்பி ஊரை விட்டு வந்த பிள்ளையின் உயிர் நம் பொறுப்பு. வல்ல அல்லாஹ் நம் யாவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக, ஆமீன்.