மிதித்தால் இயங்கும் ரேடியோ!

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் ஹால்ஸ் கிரீக் என்ற சிற்றூர். 1917-ம் ஆண்டில் மாட்டுப் பண்ணை ஊழியன் ஒருவன் குதிரையிலிருந்து விழுந்து படுகாயமடைந்தான். பக்கத்தில் டாக்டர் இல்லை. வெகு தொலைவிலுள்ள பெர்த் நகர டாக்டர் தந்தி மூலம் வழி சொல்ல, தபால் அதிகாரி பேனாக்கத்தியால் அறுவை செய்தார்! டாக்டர் கப்பலிலும் காரிலும் பயணம் செய்து வந்து சேர்ந்தார். அதற்கு முதல் நாளே அவன் இறந்து விட்டான்.

அந்த ஊரிலாவது தந்தி இருந்தது. உள்நாட்டுப் பண்ணைகள் பலவற்றில் அதுவும் கிடையாது. அவர்கள் உதவி கேட்க வழி செய்தவர், ஆல்பிரெட் டிரேகர்.

பட்டாளம் மறுத்தது

டிரேகர் 1895-ல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தார். 12 வயதில், பண்ணையில் கிடைத்த பொருள்களைக் கொண்டே, வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே டெலிபோன் அமைத்து விட்டார். பின்னர் என்ஜினீயரிங் படித்தார். முதல் உலகப்போரில் பட்டாளத்தில் சேரப் போனார். ஜெர்மானிய வம்சத்தவர் என்பதால் சேர்க்க மறுத்து விட்டார்கள்!

பாதிரியார் ஜான் பிளின், நோயாளியைத் தேடி டாக்டர் விமானத்தில் பறந்து செல்லும் திட்டத்துக்காகப் பாடுபட்டு வந்தார். ஆனால், நோயாளி இருக்கும் செய்தி டாக்டருக்கு எட்ட வேண்டுமே! 1926-ல் அவர் டிரேகரின் உதவியை நாடினார்.

கைக்குப் பதில் கால்

வால்வு ரேடியோவில் செய்தி அனுப்ப உயர்ந்த வோல்ட் மின்சாரம் தேவை. பாட்டரிகளோ பெருங்கனம். கையால் சுற்றும் டைனமோ வைத்தால், சுற்றிக்கொண்டே செய்தி அடிக்க முடியவில்லை.

டிரேகர் யோசித்தார். சைக்கிளைப் போல டைனமோவுக்கு மிதிகட்டைகள் பொருத்தினார். அதை மேஜைக்கடியில் வைத்து, உட்கார்ந்தபடியே மிதித்தால் 300 வோல்ட்டில் 20 வாட் மின்சாரம் கிடைத்தது. 40 வாட் விளக்கு எரியக்கூட அது போதாது. ஆனால் நூறு மைலுக்கு அப்பாலும் செய்தியைக் கொண்டு சேர்த்தது! அனுப்பும் கருவி, கேட்கும் கருவி இரண்டும் ஒரே பெட்டியில். மாற்றிக்கொள்ள ஒரே சுவிட்சு.

1928-ல் கிளாங்கரி நகரில் பறக்கும் டாக்டர் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டே, அகஸ்டஸ் டவுன்ஸ் பண்ணையில் முதல் மிதி ரேடியோ வைக்கப்பட்டது.

தந்தி மொழியைப் பண்ணைப் பெண்கள் அறியமாட்டார்கள். அதற்கும் வழி கண்டார். டைப்ரைட்டர் போன்ற விசைகளை அமைத்தார். எழுத்தைத் தட்டினால் போதும், தந்தி ஒலி தானே போகும். பிறகு, நேரில் பேசும் வசதியும் வந்தது. 1951-ல் அதே ரேடியோ வழியாகப் பண்ணைக் குழந்தைகளுக்குப் பாடமும் தொடங்கியது.

டிரேகர் 1980-ல் காலமானார். பட்டாளம் வேண்டாமென்று தள்ளிய அந்த மனிதரின் பெட்டி, எத்தனையோ உயிர்களைக் காத்தது.