பகை நாட்டுக் குழந்தைகளுக்காகக் கைதான பெண்மணி

குழந்தைகளின் உரிமைச் சாசனம் எழுதிய எக்லன்டைன் ஜெப்பின் வாழ்க்கை

1919-ம் ஆண்டு, மே மாதம் 15-ந் தேதி.

லண்டன் நகரில் ஒரு கோர்ட்டு. அங்கே ஒரு பெண்மணி மீது வழக்கு விசாரணை நடந்தது. அவருக்கு வயது 42. ஒரு காலத்தில் செம்பொன் நிறமாக இருந்த அவர் தலைமுடி, அந்த வயதிலேயே வெளுத்துவிட்டது.

அவர் திருடவில்லை. யாரையும் அடிக்கவில்லை. தெருவிலே நின்று நோட்டீசு கொடுத்தார். அதுதான் வழக்கு.

அந்த நோட்டீசில் ஒரு குழந்தையின் படம் இருந்தது. ஆஸ்திரியா நாட்டுக் குழந்தை அது. தலை பெரிதாக இருந்தது. கை கால்கள் சூம்பி இருந்தன. பட்டினியால் வளர்ச்சி நின்றுபோன குழந்தை.

ஆஸ்திரியா, இங்கிலாந்தை எதிர்த்துப் போரிட்ட நாடு. அந்தப் பகை நாட்டின் குழந்தைக்காகப் பரிந்து பேசி, ஓர் ஆங்கிலப் பெண்மணி கோர்ட்டுப் படி ஏறினார்.

அவர்தான் எக்லன்டைன் ஜெப். குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்று இன்று எல்லா நாடுகளிலும் பேசுகிறார்கள் அல்லவா? அதை முதன்முதலில் உலக நாடுகளின் சபையில் ஏற்கச் செய்தவர் அவர்தான்.

காட்டு ரோஜா

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே எல்ஸ்மியர் என்று ஓர் ஊர். 1876-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி எக்லன்டைன் அங்கே பிறந்தார்.

எக்லன்டைன் என்பது ஒருவகைக் காட்டு ரோஜாவின் பெயர். அவருடைய தாயாருக்கும் அதே பெயர்தான்.

தந்தை நிலபுலன் உள்ளவர். வீட்டில் ஆறு குழந்தைகள். வசதியான குடும்பம். ஆனால் தாயார் வசதியில் மூழ்கிக் கிடக்கவில்லை. கிராமத்து ஏழைகளுக்குக் கைத்தொழில் கற்றுக் கொடுக்க ஒரு சங்கம் தொடங்கினார். ஊருக்கு உழைக்கும் பழக்கம் மகளுக்கு வீட்டிலேயே வந்தது.

பெண்கள் கல்லூரிக்குப் போவது அந்தக் காலத்து இங்கிலாந்திலும் அபூர்வம். அத்தை ஒருவர் ஊக்கம் கொடுத்தார். எக்லன்டைன் 1895-ல் ஆக்ஸ்போர்டு போய்ச் சேர்ந்தார். சரித்திரம் படித்தார். 1898-ல் படிப்பை முடித்தார். படிப்பு முடிந்ததே தவிர, பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆக்ஸ்போர்டு 1920 வரையில் சம்மதிக்கவில்லை.

அவர் கல்லூரியில் இருந்தபோது தம்பி இறந்துபோனான். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பையன். அந்தத் துக்கம் எக்லன்டைனை வெகு நாள் வாட்டியது.

ஒத்துவராத வேலை

ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பணக்கார வீட்டுப் பெண்கள் அந்த வேலைக்குப் போவது இல்லை. எக்லன்டைன் துணிந்து போனார். மார்ல்பரோ என்ற ஊரில், ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனார்.

அந்த வேலை இரண்டு ஆண்டு கூட நிலைக்கவில்லை. குழந்தைகளின் கூச்சலை அவரால் தாங்க முடியவில்லை. உடம்பும் இடம் கொடுக்கவில்லை. ஆசிரியை வேலைக்குத் தாம் லாயக்கு இல்லை என்று முடிவு செய்து விலகினார்.

குழந்தையைக் கண்டதும் தூக்கிக் கொஞ்சும் சுபாவம் அவருக்கு இல்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை. அவர் கடைசி வரையில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தக் குழந்தையும் இல்லை.

இப்படிப்பட்ட ஒருவரா உலகத்துக் குழந்தைகளுக்காக வாழ்ந்தார் என்று நீங்கள் கேட்கலாம். ஆம், அவர்தான். கொஞ்சத் தெரிந்தவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தையைக் கொஞ்சினார்கள். எக்லன்டைன், யார் வீட்டுக் குழந்தை பசியோடு இருக்கிறது என்று கணக்கு எடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் தாயாருடன் கேம்பிரிட்ஜ் நகரில் குடியேறினார். அந்த ஊரின் ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரித்து, 1906-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஏழைக்குக் காசு கொடுத்தால் மட்டும் போதாது, வறுமையின் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவரிடம் வேரூன்றியது.

அகதிகளின் நடுவே

1912-ல் பால்கன் நாடுகளில் போர் மூண்டது. துருக்கியை எதிர்த்து, செர்பியா, கிரீஸ், பல்கேரியா, மாண்டினீக்ரோ ஆகியவை போரிட்டன. மாசிடோனியாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு வாசல் இழந்தன.

1913-ல் எக்லன்டைன் நிவாரணப் பணிக்காக அங்கே போனார். போர் என்றால் என்ன என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்தார். சண்டை போட்டவர்கள் பெரியவர்கள். குளிரிலும் பசியிலும் செத்தவர்களில் பலர் சண்டையின் காரணம் கூடத் தெரியாதவர்கள்.

ஊர் திரும்பியதும், அகதிகளுக்காக நிதி கேட்டு ஊர் ஊராகப் பேசினார். அடுத்த ஆண்டே முதலாவது உலகப் போர் மூண்டது.

தங்கையின் பத்திரிகைக் கட்டு

எக்லன்டைனின் தங்கை பெயர் டோரதி பக்ஸ்டன். போர்க்காலத்தில் இங்கிலாந்தின் பத்திரிகைகள் பகை நாட்டாரைப் பேய்களாகவே வருணித்தன. அங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே ஜனங்களுக்கு மறந்துபோயிற்று.

டோரதி அரசாங்கத்தின் அனுமதி பெற்று, பல நாட்டுப் பத்திரிகைகளை வரவழைத்தார். அவற்றில் வந்த செய்திகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கேம்பிரிட்ஜ் பத்திரிகை ஒன்றில் வாரந்தோறும் வெளியிட்டார். எக்லன்டைனும் மொழிபெயர்க்க உட்கார்ந்தார்.

அந்தக் காகிதக் கட்டுகளில் இருந்து ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினியால் சாகின்றன என்பதே அந்தச் செய்தி.

போர் முடிந்தது, முற்றுகை முடியவில்லை

காரணம் என்ன? கடல் முற்றுகை. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கடலை மறித்து நின்றன. தானியம் வரவில்லை. மாட்டுத் தீவனம் வரவில்லை. தீவனம் இல்லாமல் மாடு மெலிந்தது. மாடு மெலிந்ததால் பால் வற்றியது. பால் வற்றியதால் குழந்தைகளின் எலும்பு வளைந்தது.

1918-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி பீரங்கிகள் ஓய்ந்தன. ஆனால் முற்றுகை ஓயவில்லை. சமாதான ஒப்பந்தத்தில் ஜெர்மனி கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை பிடியைத் தளர்த்தக் கூடாது என்று வெற்றி பெற்ற நாடுகள் நினைத்தன. 1919 ஜூலை வரையில் முற்றுகை நீடித்தது.

இதை எதிர்த்து 1919 ஜனவரியில் லண்டனில் ஒரு குழு அமைந்தது. அக்காளும் தங்கையும் அதில் முன் நின்றார்கள். அந்தக் குழுவின் சார்பில்தான் பட்டினிக் குழந்தையின் படம் போட்ட நோட்டீசு அச்சாயிற்று. இந்தக் கொடுமைக்குக் காரணம் நம் முற்றுகைதான் என்று அது பச்சையாகச் சொன்னது.

டிரபால்கர் சதுக்கத்தில் அந்த நோட்டீசை எக்லன்டைன் வழங்கினார். போலீசார் அவரைக் கைது செய்தார்கள். போர்க்காலச் சட்டம் அப்போதும் அமலில் இருந்தது. அந்த மாதிரி நோட்டீசுகளைத் தணிக்கை அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். இந்த நோட்டீசுக்கு அனுமதி வாங்கவில்லை.

ஐந்து பவுன்

கோர்ட்டில் எக்லன்டைன் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தாமே வாதாடினார். சட்டப்படி தப்ப வழி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, சட்டத்தைவிடக் குழந்தையின் உயிர் பெரிது என்ற அடிப்படையில் பேசினார். பத்திரிகைக்காரர்கள் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். தம் பேச்சு மறுநாள் நாடு முழுவதும் போய்ச் சேரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

தீர்ப்பு வந்தது. குற்றவாளி! அபராதம் ஐந்து பவுன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். அவருக்கு எதிராக வாதாடிய சர்க்கார் வக்கீல் சர் ஆர்ச்சிபால்ட் பாட்கின், தம் பையில் இருந்து ஐந்து பவுன் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

சட்டம் அவரைத் தண்டித்தது. சட்டத்தின் சார்பில் பேசியவரின் மனசு அவர் பக்கம் சாய்ந்தது. எக்லன்டைன் அந்தப் பணத்தைக் குழந்தைகள் நிதியில் சேர்த்தார்.

வசை பாட வந்தவர்கள்

நான்கு நாள் கழித்து, மே 19-ந் தேதி, லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பொதுக்கூட்டம். மண்டபம் நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஆதரவாளர்கள் அல்ல. பகைவனுக்குப் பரிந்து பேசும் பெண்கள் மீது வீசுவதற்காக, சிலர் அழுகிய ஆப்பிள் பழங்களைக் கொண்டுவந்து இருந்தார்களாம்.

போரில் மகனையோ கணவனையோ பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர் அந்த ஊரில் இருந்தார்கள். அவர்களின் கோபம் பொய்க் கோபம் அல்ல.

எக்லன்டைன் எழுந்தார். முதலில் குரல் தணிந்து இருந்தது. பேசப் பேச வேகம் ஏறியது. நம் கண் எதிரே குழந்தைகள் சாகும்போது கை கட்டி நிற்க நம்மால் முடியாது என்பதே அவர் பேச்சின் சாரம். கூட்டம் அடங்கியது. பழம் வீச வந்தவர்கள் பணம் கொடுத்தார்கள்.

அன்று தொடங்கியதுதான் குழந்தைகளைக் காப்பாற்றும் நிதி. இன்று ‘சேவ் தி சில்ரன்’ என்ற பெயரில் உலகம் அறிந்த நிறுவனம் அதுதான்.

தர்மத்துக்கும் கணக்கு உண்டு

நல்ல மனசு இருந்தால் போதும், நிதி தானாக வரும் என்று எக்லன்டைன் நம்பவில்லை. தர்ம காரியத்தையும் வியாபாரத்தைப்போல் ஒழுங்காக நடத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. விளம்பரத் தொழில் தெரிந்தவரை வேலைக்கு அமர்த்தினார். பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். குறிப்பிட்ட ஒரு குழந்தையின் செலவை ஒருவர் ஏற்றுக்கொள்ளும் முறையையும் அந்த நிதி 1920-லேயே கொண்டுவந்தது.

அவர் கிறிஸ்தவத்தில் இங்கிலாந்து சபையைச் சேர்ந்தவர். ஆனாலும் ரோமாபுரிக்குப் போய், கத்தோலிக்கர்களின் தலைவரான போப்பாண்டவர் 15-ம் பெனடிக்டைப் பேட்டி கண்டு உதவி கேட்டார். குழந்தைகளுக்காக மாதா கோவில்களில் காணிக்கை திரட்டும்படி போப்பாண்டவர் கட்டளை அனுப்பினார்.

1920-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில், பல நாட்டுக் குழந்தை நிதிகளை ஒன்றாக இணைக்கும் சர்வதேச சங்கம் பிறந்தது. செஞ்சிலுவைச் சங்கம் அதற்குத் துணை நின்றது.

ரஷியாவின் பஞ்சம்

1921-ல் ரஷியாவில் வால்கா நதிப் பிரதேசத்தில் கொடிய பஞ்சம். மழை பொய்த்தது. உள்நாட்டுப் போராலும் அரசாங்கத்தின் தானியப் பறிமுதலாலும் குடியானவர்கள் கையில் சேமிப்பே இல்லை. பஞ்சத்திலும் நோயிலும் சுமார் 50 லட்சம் பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

அந்தச் செப்டம்பரில் லண்டனில் இருந்து 600 டன் உணவுப் பொருள்களுடன் ஒரு கப்பல் புறப்பட்டது. சரத்தாவ் பிரதேசத்தில் குழந்தைகளுக்கான சாப்பாட்டுக் கூடங்கள் திறக்கப்பட்டன. சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்கு அங்கே தினமும் உணவு கிடைத்தது.

கம்யூனிஸ்டு நாட்டுக்கு ஏன் சோறு, நம் நாட்டு ஏழைகள் இல்லையா என்று சில லண்டன் பத்திரிகைகள் சாடின. நியாயமான கேள்விதான். எக்லன்டைனின் நிதி இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கும் உதவியது. ஆனால் ஒரு குழந்தைக்காக இன்னொரு குழந்தையைச் சாக விட முடியாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். பஞ்சத்தைப் படம் பிடித்து வரச் செய்து, ஜனங்களுக்குக் காட்டினார்.

ஐந்தே விதிகள்

வியன்னா, பால்கன், ரஷியா என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆபத்து வந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கையேந்த வேண்டியிருந்தது. கொடுப்பவர் மனசு இரங்கினால் குழந்தை பிழைக்கும்; இரங்காவிட்டால் சாகும். இது சரியா என்று எக்லன்டைன் யோசித்தார்.

பசித்த குழந்தைக்குச் சோறு என்பது பிச்சை அல்ல, அதன் உரிமை. இந்த முடிவுக்கு அவர் வந்தார். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள சலேவ் மலையில் ஏறி, தனிமையில் உட்கார்ந்து அவர் அதை எழுதினார் என்று சொல்வார்கள்.

மொத்தம் ஐந்தே விதிகள். குழந்தையின் உடலும் உள்ளமும் வளர வழி செய்ய வேண்டும் என்பது முதல் விதி. பசித்த குழந்தைக்கு உணவு, நோயாளிக் குழந்தைக்குச் சிகிச்சை, வழி தவறியதற்குத் திருந்த வாய்ப்பு, அனாதைக்கு அடைக்கலம் என்பது இரண்டாவது. ஆபத்து வந்தால் உதவி முதலில் குழந்தைக்கே என்பது மூன்றாவது. பிழைக்க ஒரு தொழில் கற்றுத் தர வேண்டும், குழந்தையைச் சுரண்டக் கூடாது என்பது நான்காவது. தன் திறமை பிறருக்கும் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு குழந்தையை வளர்க்க வேண்டும் என்பது ஐந்தாவது.

எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் எளிய விதிகள்.

1924-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி, நாடுகளின் சபையாக அப்போது இருந்த சர்வதேச சங்கம் இந்த விதிகளை ஏற்றுக்கொண்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நோட்டீசு கொடுத்ததற்காக அபராதம் கட்டியவரின் எழுத்து, உலகச் சாசனம் ஆயிற்று.

உழைத்து ஓய்ந்த உடல்

எக்லன்டைனுக்குக் கழுத்தில் கழலை நோய். பல ஆண்டுகளாக அது அவரை வருத்தியது. ஆபரேஷன் செய்தும் முழுக் குணம் இல்லை. இருந்தும் பயணத்தையும் கூட்டங்களையும் அவர் விடவில்லை. ஐரோப்பாவோடு நின்றுவிடக் கூடாது, ஆப்பிரிக்கக் குழந்தைகளின் நிலையையும் உலகம் ஆராய வேண்டும் என்று திட்டம் போட்டார். அதற்கான மாநாடு 1931-ல் ஜெனீவாவில் நடந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1928-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி ஜெனீவாவில் அவர் காலமானார். வயது 52. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 2024 பிப்ரவரியில் ஜெனீவா நகரம், பெருமைக்கு உரியவர்களை அடக்கம் செய்யும் கல்லறைத் தோட்டத்துக்கு அவர் சமாதியை மாற்றிக் கௌரவித்தது.

விதை மரமானது

அவருடைய ஐந்து விதிகள் அழியவில்லை. 1959-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி ஐக்கிய நாடுகள் சபை அவற்றைப் பத்து விதிகளாக விரித்தது. 1989-ம் ஆண்டு அதே நவம்பர் 20-ந் தேதி, நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகவே ஆக்கியது. இந்தியா 1992-ல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் உள்ள நாடுகளில் அமெரிக்கா ஒன்றுதான் இன்னும் அதை உறுதி செய்யவில்லை.

ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் போர்களும் இருக்கின்றன. முற்றுகைகளும் இருக்கின்றன. உணவு வண்டியை வழியில் நிறுத்தி வைத்துப் பேரம் பேசும் வழக்கம் உலகத்தில் இன்னும் போகவில்லை. அப்போதெல்லாம் முதலில் வாடுவது பால் குடிக்கும் குழந்தைதான்.

அந்தக் குழந்தையின் தகப்பன் எந்தக் கட்சி, எந்தக் கொடி என்று உலகம் கேட்கிறது. அது சாப்பிட்டதா என்று எக்லன்டைன் ஜெப் கேட்டார். அவர் கேட்ட கேள்வியை நாமும் கேட்கப் பழக வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுத் தர வேண்டும்.