ஊரைப் படித்த அறிஞர் பாட்ரிக் கெடிஸ்

செடியைப் படிப்பவன் அதன் வேரையும் மண்ணையும் நீரையும் சேர்த்தே படிக்கிறான். ஊரைப் படிப்பவனும் அவ்வாறே செய்தல் வேண்டும். தெருவையும் வீட்டையும் அளந்தால் மட்டும் போதாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மக்கள் என்ன தொழில் செய்கின்றனர், கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்பவற்றையும் அறிதல் வேண்டும். இன்று நகரச் சூழலியல் என வழங்கும் இத்துறைக்கு நூறாண்டுகளுக்கு முன்பே வித்திட்டவர்களுள் ஒருவர் பாட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்தில் பிறந்த இவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இந்தியாவில் உழைத்தவர். மதுரைக்கும் தஞ்சைக்கும் வந்து அவ்வூர்களை ஆராய்ந்தவர்.

இளமையும் கல்வியும்

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படைவீரராக இருந்தவர். பெர்த் நகரில், மலையும் ஆறும் தோட்டமும் சூழ்ந்த வீட்டில் கெடிஸ் வளர்ந்தார். பின்னர் லண்டனில் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் பயின்றார்.

1879ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றபோது அவருடைய கண்பார்வை திடீரென மங்கிவிட்டது. பல வாரங்கள் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. நுண்ணோக்கியை நம்பி வாழும் ஓர் இளைஞருக்கு இதைவிடப் பெரிய இடி வேறில்லை. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. சாளரத்தின் கண்ணாடிக் கட்டங்களைக் கையால் தடவிப் பார்த்தவருக்கு, எண்ணங்களையும் அவ்வாறு கட்டங்களாக அடுக்கலாம் என்று தோன்றிற்று. தாளை மடித்துக் கட்டமிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை வைத்து, ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் பழக்கம் அன்று தொடங்கியது. பார்வை மீண்டது, எனினும் நுண்ணோக்கிப் பணிக்கு அக்கண்கள் முன்போல் உதவவில்லை. எனவே நுண்ணுயிர்களை விடுத்து மக்கள் வாழும் ஊர்களை நோக்கி அவர் கருத்துச் சென்றது.

இடிந்த தெருவில் இல்லறம்

1886இல் அன்னா மார்ட்டன் அம்மையாரை மணந்தார். புதுமணத் தம்பதியர் வசதியான பகுதியில் குடியேறுவர் என்றே சுற்றத்தார் எதிர்பார்த்தனர். அவர்களோ எடின்பரோவின் பழைய நகரில், நெரிசலும் அழுக்கும் மிகுந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் பகுதியில் குடிபுகுந்தனர். அண்டை வீட்டாரோடு சேர்ந்து சுவர்களுக்கு வெள்ளையடித்தனர். குப்பை கிடந்த மூலைகளைச் சிறு தோட்டங்களாக்கினர். ஏழைகளை வெளியேற்றாமலேயே அவர்கள் வாழும் இடத்தைத் திருத்த முடியும் என்பதை அங்கே தாமே செய்து காட்டினர்.

1888இல் டண்டிக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். ஆண்டில் ஒரு பருவம் மட்டுமே அங்குப் பாடம். எஞ்சிய காலமெல்லாம் ஊர்ப்பணி. 1892இல் எடின்பரோவில் ஒரு கோபுரத்தை வாங்கி அதனைக் கல்விச்சாலை ஆக்கினார். உச்சியில் நின்றால் ஊர் முழுதும் தெரியும். கீழிறங்க இறங்க, ஒவ்வொரு மாடியாக அந்நகரம், ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என்று பாடம் விரியும். உலகை அறியத் தொடங்க வேண்டிய இடம் சொந்த ஊர் என்பதே அதன் பொருள்.

மலை முதல் கடல் வரை

இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் பிரிக்காமல் ஆராய வேண்டும் என்பது கெடிஸின் அடிப்படைக் கொள்கை. இதனை விளக்க மலையுச்சியிலிருந்து கடற்கரை வரை ஒரு பள்ளத்தாக்கைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படம் ஒன்றை வரைந்தார். உயரத்தில் சுரங்கத் தொழிலாளி, மரம்வெட்டி, வேட்டுவர், சரிவில் ஆயர், கீழே உழவர், கடலோரம் மீனவர். நிலம் தொழிலைத் தருகிறது; தொழில் வாழ்க்கை முறையைத் தருகிறது; மக்கள் மீண்டும் நிலத்தை மாற்றுகின்றனர். குறிஞ்சி முதலாக நிலத்தைப் பகுத்து, அவ்வந்நிலத்துத் தொழிலையும் வாழ்வையும் இணைத்துப் பேசிய தமிழ் மரபில் வந்த நமக்கு இக்கருத்து அயலானதன்று.

கடலில் மூழ்கிய கண்காட்சி

அந்நாளில் சென்னை ஆளுநராயிருந்த பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் கெடிஸ் இந்தியா வந்தார். பல ஆண்டுகள் அரிதில் திரட்டிய நகரப் படங்களும் வரைபடங்களும் அடங்கிய அவருடைய கண்காட்சி வேறொரு கப்பலில் வந்தது. அது முதல் உலகப்போர்க் காலம். செப்டம்பரில் சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன், அக்டோபரில் அக்கப்பலையும் மூழ்கடித்தது. வாழ்நாள் உழைப்பு கடலுக்கடியில் போயிற்று. நண்பர்கள் விரைந்து புதிய படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடைபெற்றது.

தமிழகத்து ஊர்களில்

அடுத்து மாகாணத்து ஊர்களைப் பார்வையிடப் புறப்பட்டார். மதுரை, தஞ்சை, அன்று சென்னை மாகாணத்திலிருந்த பல்லாரி முதலியவை பற்றி அறிக்கைகள் எழுதினார். அக்காலப் பொறியாளர்கள் நெரிசலைக் கண்டால் வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்து நேர்க்கோடு போடுவர். கோட்டில் அகப்பட்ட வீடுகளெல்லாம் இடிபடும். குடியிழந்தோர் அடுத்த தெருவில் போய் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்வர். நோயும் அவர்களோடு இடம்பெயரும், ஒழியாது. இதைக் கெடிஸ் வன்மையாக எதிர்த்தார்.

அவர் காட்டிய வழி காக்கும் அறுவை எனப்படும். நல்ல மருத்துவர் கெட்ட பகுதியை மட்டும் அகற்றி உடலைக் காப்பது போல, பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்வெளியில் மரம் நட்டு, சந்துகளை ஒன்றோடொன்று இணைத்தால் காற்றும் ஒளியும் தாமே வரும். செலவும் மிகக் குறைவு. ஆனால் அதற்கு ஒவ்வொரு சந்திலும் நடந்து ஒவ்வொரு வீட்டையும் பார்க்கும் பொறுமை வேண்டும்.

கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க வேண்டும் என்ற கருத்து அன்று அதிகாரிகளிடையே ஓங்கியிருந்தது. குளம் வெள்ளத்தை ஏற்கும், வெப்பத்தைத் தணிக்கும்; கொசுப்புழுவைத் தின்ன மீனும் வாத்தும் விட்டாற் போதும் என்பது அவர் வாதம். நம் கோயில் நகரங்களின் தேரோடும் வீதிகளை அவர் பெரிதும் போற்றினார்; 1919இல் அவை பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஒருநாள் மன்னர்

இந்தூரில் பிளேக் நோய் பரவிய காலத்தில் அவரை மக்கள் ஐயத்தோடு நோக்கினர். 1917 தீபாவளியின்போது மன்னரிடம் ஒருநாள் அதிகாரம் பெற்றார். ஊர்வலம் வழக்கமான வழியில் போகாது, வீடுகள் மிகுதியாகத் தூய்மை செய்யப்பட்ட தெருக்கள் வழியே போகும் என்று அறிவித்தார். ஊரே போட்டியிட்டுக் குப்பையை அகற்றியது. அழுக்கரக்கனின் உருவமும் பெரிய எலியின் உருவமும் ஊர்வலத்தில் வந்தன. மக்களுக்குத் துளசிச் செடிகள் வழங்கப்பட்டன. சட்டத்தால் ஆகாதது விழாவால் ஆயிற்று.

ஆனால் அவ்வாண்டே அவர் வாழ்வில் பேரிழப்புகள் நேர்ந்தன. ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டேர் பிரெஞ்சுப் போர்முனையில் மாண்டார். நோயுற்றிருந்த மனைவியிடம் அச்செய்தியைச் சொல்லாமலே மறைத்தார். ஜூனில் கல்கத்தாவில் அவரும் மறைந்தார். இந்தூர்ப் பணி இத்துயரின் நடுவே நடந்ததென்பதை எண்ணும்போது அவர்தம் மனவுறுதி புலனாகும்.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியரானார். 1920இல் ஜகதீச சந்திர போஸின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1924இல் உடல்நலம் குன்றி பிரான்சின் மோன்பெலியே நகர் சென்று கல்லூரி அமைத்தார். 1925இல் டெல் அவீவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். 1932 ஏப்ரல் 17ஆம் நாள் இயற்கை எய்தினார்.

நமக்குரிய பாடம்

கெடிஸ் வரைந்த பள்ளத்தாக்கைக் காண நாம் ஸ்காட்லாந்து செல்ல வேண்டுவதில்லை. சோழபுரத்தில் நின்று மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை. அடிவாரத்தில் மாவும் தென்னையும். அடுத்துக் கண்மாயும் நெல்வயலும். அப்பால் பருத்தி விளையும் கரிசல். இராசபாளையத்து நூற்பாலைகளும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணி நெசவும், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் இந்நிலத்தோடு தொடர்பற்றவையல்ல. மலையின் நீர் குறைந்தால் கண்மாய் குறையும். கண்மாய் குறைந்தால் தெருக்கிணறு வற்றும். அதன் துன்பத்தை முதலில் தாங்குவது குடம் சுமக்கும் ஏழை வீடு. இச்சங்கிலியின் ஒரு கண்ணியை அறுத்துவிட்டு மற்றவற்றைக் காக்க முடியாது.

மாணவ நண்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தெருவை ஒருமுறை நடந்து பார்த்து, மழைநீர் ஓடும் வழியையும், மரங்களின் எண்ணிக்கையையும், மக்களின் தொழிலையும் ஒரு தாளில் வரைந்தால் போதும். நம் வட்டாரத்தின் முதல் நகரச் சூழலியல் ஏடு அதுவே ஆகும். திருத்துவதற்கு முன் தெரிந்துகொள் என்பதே கெடிஸ் தம் வாழ்வால் நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.