பில் காட்ஸ்

பில் காட்ஸ் (நவம்பர் 3, 1962 - ஏப்ரல் 14, 2000) ஓர் அமெரிக்கக் கணினி நிரலாளர் ஆவார். கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ஜிப் கோப்பு வடிவத்தை உருவாக்கியவர்களுள் ஒருவராக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

விஸ்கொன்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் பிறந்தார். விஸ்கொன்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயின்றார். 1986இல் பி.கே.வேர் நிறுவனத்தைத் தொடங்கினார். தமது 37ஆம் வயதில் மில்வாக்கியில் காலமானார்.

வழக்கு

சிஸ்டம் என்ஹான்ஸ்மெண்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் தனது ஆர்க் சுருக்க நிரலின் மூலநிரலை வெளியிட்டிருந்தது. அதைவிட விரைவாக இயங்கும் பி.கே.ஆர்க் நிரலைக் காட்ஸ் வெளியிட்டார். அந்நிறுவனம் பதிப்புரிமை மீறல் எனக் கூறி 1988இல் வழக்குத் தொடர்ந்தது. காட்ஸ் பணம் செலுத்தி உடன்பாடு கண்டார். மூலநிரல் படிக்கக் கிடைப்பதும், அதை மீளப் பயன்படுத்தும் உரிமை கிடைப்பதும் வெவ்வேறானவை என்பதற்கு இவ்வழக்கு எடுத்துக்காட்டாகும்.

ஜிப் வடிவம்

1989இல் பி.கே.ஜிப் நிரலை வெளியிட்டார். அதன் மூலநிரலை அவர் திறந்துவிடவில்லை. எனினும் ஜிப் வடிவத்தின் விவரக்குறிப்பை எவரும் பயன்படுத்தும் வகையில் பொதுவில் வைத்தார். எனவே பிறர் படியெடுக்காமல் தாமே நிரல் எழுதி, தாம் விரும்பிய உரிமத்தில் வெளியிட முடிந்தது. அவரது டிஃப்ளேட் சுருக்க முறையைக் கொண்டு 1995இல் வெளியான இசட்லிப் என்னும் கட்டற்ற நிரல் நூலகம் இதற்குச் சான்றாகும். அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கிறது. நிரலின் தோற்றத்தைத் திரித்துக் கூறாதிருத்தல், மாற்றங்களைத் தெளிவாகக் குறித்தல் போன்ற சில நிபந்தனைகளையே விதிக்கிறது. பி.என்.ஜி. படக் கோப்புகளும் டிஃப்ளேட் முறையிலேயே சுருக்கப்படுகின்றன.