டி-டெஸ்ட் தந்த பீர் ஆலைக்காரர்: யார் அந்த 'ஸ்டூடண்ட்'?

ஏ/பி டெஸ்ட்டில் பி-வேல்யூ 0.05-க்குக் கீழே வந்ததும், புது டிசைன் ஜெயிச்சாச்சுன்னு மெயில் தட்டியிருக்கீங்களா? அந்தக் கணக்குக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது டி-டெஸ்ட். அதை உருவாக்கியவர் ஒரு பீர் ஆலை ஊழியர், வில்லியம் சீலி காஸெட்.

1876-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு, 1899-ல் டப்ளினில் கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். எந்த பார்லி நல்லது என்பது அங்கே பணப் பிரச்சினை. ஆனால் ஒரு ரகத்துக்கு ஒரு சில வயல்களின் விளைச்சல் கணக்குதான் கையில் இருக்கும். அதை நம்பி எப்படி முடிவெடுப்பது?

அன்றைய புள்ளியியல் பெரிய சாம்பிள்களுக்கானது. 1906-ல் லண்டன் போய் கார்ல் பியர்சனிடம் ஒரு வருடம் இருந்தார். பியர்சனுக்கோ சின்ன சாம்பிள்களில் ஆர்வமில்லை. காஸெட் தானே இறங்கினார். 3,000 கைதிகளின் உயரத்தையும் விரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 சாம்பிள்கள் எடுத்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து சிமுலேஷன்!

விஷயம் இதுதான். நாலே அளவுகள் இருந்தால் சராசரி மட்டுமல்ல, டேட்டா எவ்வளவு சிதறியிருக்கு என்கிற மதிப்பீடும் ஆட்டம் காணும். அதனால் தற்செயலாகவே பெரிய வித்தியாசங்கள் அடிக்கடி வரும். பெரிய சாம்பிளுக்கு 5% எல்லைக்கோடு 1.96 என்றால், நான்கு அளவுகளுக்கு அது 3.18.

1908-ல் பயோமெட்ரிகா இதழில் இது கட்டுரையாக வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை விடவில்லை. அதனால் போட்ட பெயர் 'ஸ்டூடண்ட்'.

கட்டுரையில் ஓர் உதாரணம்: பத்து நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள். ஒன்று மற்றதைவிட சராசரியாக 1.58 மணி நேரம் அதிகத் தூக்கம் தந்தது. முதலில், இரண்டும் ஒன்றுதான்னு வெச்சுக்கோங்க. இதுதான் நல் ஹைப்பாதெசிஸ். அது உண்மையானால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? இன்றைய கணக்கில் ஆயிரத்துக்குச் சுமார் 3. அதுதான் பி-வேல்யூ. மருந்து வேலை செய்ய 99.7% வாய்ப்புன்னு இதைப் படிச்சுடாதீங்க. மீட்டிங்குகளில் நிறைய பேர் வழுக்குவது இங்கேதான்.

5% எல்லையைப் பரப்பியது ரொனால்ட் ஃபிஷர், 1925-ல் வந்த தன் புத்தகம் மூலம். காஸெட்டுக்கு அப்படி ஒரே கோடு ஒத்துவரவில்லை. தவறினால் நஷ்டம் எவ்வளவு, இன்னொரு சோதனைக்குச் செலவு எவ்வளவு என்று பார்த்துத்தான் எல்லையை வைக்கணும் என்பது அவர் கட்சி. ஆலைக்காரர் இல்லையா!

இருவரும் நண்பர்கள், ஆனால் வயல் சோதனை முறையில் கடைசிவரை மோதினார்கள். 1937-ல், 61 வயதில் காஸெட் இறந்தார். அப்போது அவர் கின்னஸின் தலைமை ப்ரூவர்.