தரங்கம்பாடியில் பணி, கோப்பன்ஹேகனில் அதிகாரம்: சீகன்பால்கின் போராட்டம்

1715ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டனுக்கு வந்து சேர்ந்த ஜெர்மானியப் பாதிரியார் ஒருவரைக் கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தினர் லத்தீன் மொழியில் வரவேற்றனர். அவர் தமிழில் பதிலுரை நிகழ்த்தினார். அவையில் இருந்தவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது என்பதால் அதன் லத்தீன் மொழிபெயர்ப்பையும் அளித்தார். சோழ மண்டலக் கடற்கரையில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவிட்டு வந்திருந்த பர்த்தலோமேயு சீகன்பால்க்தான் அந்தப் பாதிரியார்.

அச்சு இயந்திரத்தோடு சேர்த்தே தமிழர்கள் சீகன்பால்கை நினைவுகூர்கின்றனர். தமிழில் முதல் நூலை அச்சிட்டவர் அவரே என்றுகூடச் சிலர் கூறுவதுண்டு, அது சரியல்ல. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. சீகன்பால்கின் வாழ்வில் அதிகம் பேசப்படாத பகுதி வேறொன்று. ஒரு திருச்சபை நீண்ட காலம் நிலைத்து நிற்க எவையெல்லாம் தேவை என்று திட்டமிட்ட நிர்வாகி அவர். அத்திட்டத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருடையது என்ற தகராறு அவரது இறுதி நாட்கள் வரை தொடர்ந்தது.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நடத்திவந்த கல்வி நிலையங்களின் செல்வாக்கு அவரை உருவாக்கியது. அனாதை இல்லம், பள்ளிகள், அச்சகம், மருந்தகம் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்து நடத்திய ஹாலேயின் முறையைப் பின்னாளில் தரங்கம்பாடியில் அவர் செய்த ஒவ்வொன்றிலும் காணலாம்.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் தமது குடியேற்றத்துக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பியபோது, சீகன்பால்க்கும் ஹென்றி புளூட்சோவும் தெரிவாயினர். 1706 ஜூலை 9ஆம் தேதி இருவரும் தரங்கம்பாடியை அடைந்தனர். அவர்களை அனுப்பியது மன்னர்; ஆனால் அந்த ஊரை ஆண்டது டேனிஷ் வணிகக் கம்பெனி. மிஷன் பணி தமது வாணிபத்துக்கு இடையூறு என்று கருதிய ஆளுநர் ஹாசியஸ், 1708 நவம்பரில் சீகன்பால்கைக் கைது செய்து டேன்ஸ்போர்க் கோட்டையில் சுமார் நான்கு மாதங்கள் சிறை வைத்தார். மன்னரின் ஆணை கையிலிருந்தும் அது உள்ளூர் அதிகாரத்திடம் செல்லுபடியாகவில்லை.

விடுதலைக்குப் பின்னர் அவர் கட்டியெழுப்பிய அமைப்பு மூன்று நகரங்களைச் சார்ந்திருந்தது. கோப்பன்ஹேகனிடமிருந்து சட்டப்படியான அங்கீகாரமும் அரச மானியமும் கிடைத்தன. ஹாலே ஆட்களை அனுப்பியது, தமிழ் எழுத்துகளையும் வார்த்துக் கொடுத்தது. லண்டன் சங்கம் பணமும் தாளும் அச்சு இயந்திரமும் வழங்கியது. அந்த இயந்திரத்தை ஏற்றிவந்த கப்பல் பிரேசில் கடற்கரையில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. உடன் வந்த அச்சகர் வழியிலேயே இறந்துபோனார். 1712இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. 1714இலும் 1715இலுமாகப் புதிய ஏற்பாடு தமிழில் அச்சிடப்பட்டது. வெளிநாட்டுத் தாளை என்றென்றும் நம்பியிருக்க முடியாது என்பதால் பொறையாறு அருகே தாள் ஆலை ஒன்றும் நிறுவப்பட்டது. கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் அதை இன்றும் நினைவூட்டுகிறது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் தூரம். ஐரோப்பாவிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர அரையாண்டுக்கு மேல் ஆகும். கேள்விக்குப் பதில் கிடைக்க ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். பள்ளிகளுக்கோ மாதந்தோறும் செலவு இருந்தது. மாணவர்க்கு உணவும், ஆசிரியர்க்கும் உபதேசியார்க்கும் சம்பளமும் தர வேண்டும். இந்த நெருக்கடிகளை நேரில் எடுத்துரைக்கவே 1714 அக்டோபரில் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றார். பயண காலத்தில் தமிழ் இலக்கண நூலொன்றை லத்தீனில் எழுதினார் சீகன்பால்க். அது 1716இல் ஹாலேயில் வெளியானது.

லண்டனில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு அரசியல் ரீதியாகவும் கவனிக்கத்தக்கது. ஹனோவரிலிருந்து வந்து இங்கிலாந்தின் அரியணை ஏறியிருந்த முதலாம் ஜார்ஜ் மன்னர் லூத்தரனாக வளர்ந்தவர்; இப்போதோ ஆங்கிலிக்கத் திருச்சபையின் தலைவர். அவர் சீகன்பால்கைச் சந்தித்தார். ஆங்கிலிக்கச் சங்கம் ஒன்று லூத்தரன் மிஷனுக்குப் பணம் கொடுப்பது அந்தச் சூழலில் உறுத்தலாகத் தோன்றவில்லை. பணம் கொடுப்பவருக்குப் பின்னாளில் என்ன உரிமை என்பதை அப்போது எவரும் வரையறுத்ததாகத் தெரியவில்லை.

1716 ஆகஸ்டில் மனைவி மரியா டொரோத்தியாவுடன் அவர் தமிழகம் திரும்பினார். அதே ஆண்டு அக்டோபரில், தமிழ் ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பள்ளி திறக்கப்பட்டது. அவரது திட்டங்களிலேயே தொலைநோக்கு மிக்கது இதுதான். ஐரோப்பியர் இல்லாத காலத்திலும் சபை இயங்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயமும் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

இதற்கிடையே, 1714 டிசம்பரில் கோப்பன்ஹேகனில் மிஷன் குழு ஒன்றை மன்னர் அமைத்திருந்தார். அதன் செயலராக வந்த கிறிஸ்டியன் வெண்ட், தரங்கம்பாடியின் போக்கை அடியோடு எதிர்த்தார். ஆதி அப்போஸ்தலரைப் போல மிஷனரிகள் கையில் பணமின்றி ஊர் ஊராகச் சென்று போதிக்க வேண்டும். ஆலயமும் பள்ளியும் கட்டிக்கொண்டு ஓரிடத்தில் தங்குவது தவறு என்பது அவரது நிலைப்பாடு. கடும் கண்டனக் கடிதங்கள் வந்தன.

வெண்ட்டின் வாதத்தை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அயல்நாட்டுப் பணத்தில் எழும் நிறுவனம் அந்தப் பணம் நின்றால் என்னவாகும் என்ற கேள்வி அதில் உண்டு. ஆனால் அவர் தரங்கம்பாடியைப் பார்த்தவரல்லர். மழைக்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றுவதும், கம்பெனியின் எல்லைக்கு அப்பால் தஞ்சை மன்னரின் அனுமதியின்றிப் போவதும் எத்தகையவை என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அதைவிட முக்கியமானது, கோப்பன்ஹேகன் குழுவிலோ லண்டன் சங்கத்திலோ ஹாலேயிலோ முடிவெடுக்கும் இடத்தில் ஒரு தமிழர்கூட இருக்கவில்லை என்பது. சீகன்பால்க்கும் அதைக் கோரிக்கையாக வைத்தவரல்லர்.

ஏற்கனவே நலிந்திருந்த அவரது உடல்நிலையை இந்தக் கண்டனங்கள் மேலும் குலைத்தன. 1719 பிப்ரவரி 23ஆம் தேதி, 36ஆவது வயதில் அவர் காலமானார். அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரது பணியைப் பாராட்டி கேன்டர்பரி பேராயர் வில்லியம் வேக் அந்த ஆண்டு ஜனவரியில் எழுதிய கடிதம் அப்போது இன்னும் கடலில் இருந்தது. உடன் உழைத்த கிருண்ட்லரும் அடுத்த ஆண்டே மறைந்தார்.

திட்டம் அவரோடு முடியவில்லை. கடலூரைச் சேர்ந்த ஆரோன் 1733 டிசம்பரில் குருப்பட்டம் பெற்று, முதல் தமிழ் லூத்தரன் போதகரானார். எனினும் அவரைத் தொடர்ந்து பட்டம் பெற்றவர்கள் சிலரே. நிர்வாகம் ஐரோப்பியரிடமே இருந்தது. பணம் கொடுப்பவரின் உரிமை என்ன என்ற கேள்விக்கு 1820களில் விடை கிடைத்தது. லண்டன் சங்கம் தனது செலவில் நடந்த தென்னிந்திய மிஷன்களை ஆங்கிலிக்க அமைப்பொன்றிடம் ஒப்படைத்தது. லூத்தரன் போதகர்கள் வளர்த்த திருச்சி, தஞ்சைச் சபைகள் ஆங்கிலிக்கச் சபைகளாயின. தரங்கம்பாடியையே டென்மார்க் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. எஞ்சிய லூத்தரன் பணி ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் வசம் சென்றது.

வெண்ட் எழுப்பிய கேள்விக்கு முதலாம் உலகப் போர் பதில் சொன்னது. ஜெர்மானிய மிஷனரிகளை பிரிட்டிஷ் அரசு வெளியேற்றிய பின்னர், பள்ளிகளும் பயிற்சி பெற்ற தமிழ்ப் போதகர்களும் ஆலயங்களும் சுவீடன் மிஷனின் துணையோடு தாக்குப்பிடித்தன. 1919 ஜனவரி 14ஆம் தேதி, தரங்கம்பாடியில் தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை உருவானது. 1921இல் பொறுப்பேற்ற அதன் முதல் பேராயர் எர்ன்ஸ்ட் ஹூமன் சுவீடன் நாட்டவர். அவருக்குப் பின் வந்த இருவரும் அவ்வாறே. 1956இல் ராஜா பி. மாணிக்கம் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தமிழரானார். தமிழ் ஊழியர்களுக்கான பயிற்சிப் பள்ளி தரங்கம்பாடியில் திறக்கப்பட்டு அப்போது 240 ஆண்டுகள் கடந்திருந்தன.